வேலையிடத்தில் பார்த்த அநியாயத்தைக் கதையாக வரைந்தால் வெளியிடலாமா?

சித்திரக்கதை வரையும் ஓர் இளைஞர் கேட்ட கேள்விக்கு இந்தப் பதில். அவர் சிங்கப்பூர்க் குடிமகன். கட்டுமான நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில் சம்பளக் கணக்கு பார்க்கிறார். அங்கே வெளிநாட்டு ஊழியர்களின் வங்கிக் கணக்கில் முழுச் சம்பளமும் விழுகிறது. பிறகு அதில் ஒரு பங்கை மேற்பார்வையாளர் மாதாமாதம் ரொக்கமாகத் திருப்பி வாங்கிக்கொள்கிறார். இதை வைத்து இரவுகளில் வீட்டில் உட்கார்ந்து ஒரு சித்திரக்கதை வரைந்து முடித்திருக்கிறார். பெயரை மாற்றினால் வெளியிடலாமா, ஊழியர் உருவாக்கும் எல்லாம் நிறுவனத்துக்கே என்று வேலை ஒப்பந்தத்தில் இருக்கிறதே கதை யாருக்குச் சொந்தம், வெளியிட்டால் அந்த ஊழியர்களுக்கு ஏதாவது நல்லது நடக்குமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். நான் வழக்கறிஞர் இல்லை. வெளிநாட்டு ஊழியர்களின் சம்பளப் புகார்களுக்கு உதவும் தொண்டூழியராகப் பல காலம் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கதை வெளியானதால் மட்டும் அந்த ஊழியர்களின் பணம் திரும்பி வராது. நிறுவனம் முதலில் தேடுவது, யார் சொன்னது என்பதைத்தான். நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் பார்த்தேன். லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து மேற்பார்வையாளர் காசு எண்ணும் காட்சியை மிக நன்றாக வரைந்திருக்கிறீர்கள். ஆனால் அதில் பணம் கொடுக்கும் ஊழியருக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனைப் பற்றிப் பேசுகிறார். உங்கள் நிறுவனத்தில் அப்படி ஒருவர் இருந்தால், அவருக்கு எந்தப் பெயரை வைத்தாலும் முதலாளிக்கு உடனே தெரிந்துவிடும். உங்களுக்கு வேலை போனால் வேறு இடம் தேடலாம். அவருடைய ஒர்க் பெர்மிட் இந்த முதலாளியின் பெயரில் இருக்கிறது. அதை ரத்து செய்துவிட்டு ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் கடனோடு போய் இறங்குவார். உங்கள் கதைக்கு அதிக விலை கொடுக்கப்போவது அவர்தான். அவரிடம் கேட்டீர்களா?

எழுத்தாளர் என்ற பெயரே ஒருவருக்குப் பாதுகாப்பு தந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஜாகிர் ஹுசைன் கோகனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பங்ளாதேஷிலிருந்து வந்து இங்கே ஏறக்குறைய 19 ஆண்டுகள் கட்டுமானத் துறையில் வேலை பார்த்தவர், வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டியில் பரிசு வாங்கியவர். 2021 அக்டோபரில் ஜூரோங் வட்டாரத்தின் ஜாலான் துக்காங்கில் ஒரு தங்கும் விடுதியில் பிரச்சினை எழுந்தபோது அதைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதினார். 2022-இல் அவருடைய வேலை அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. அவர் எழுதியதில் பொய்யான தகவல்கள் இருந்தன, விடுதியைச் சுற்றி ராணுவ வீரர்களோ கவச வாகனங்களோ இருக்கவில்லை என்று மனிதவள அமைச்சு விளக்கம் கொடுத்தது. அந்த முடிவு சரியா என்பதில் இன்றும் பலருக்குக் கருத்து வேறுபாடு உண்டு. எனக்கும் அது வருத்தம்தான். ஆனால் உங்கள் கதைக்கு இதிலிருந்து இரண்டு விஷயங்கள் முக்கியம். வேலை அனுமதியில் இருப்பவருக்கும் குடிமகனுக்கும் ஆபத்து ஒன்றல்ல. எழுதியதில் ஒரு விவரம் தவறாகிவிட்டால், மிச்சத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

அதனால் என் யோசனை, புகாரும் கதையும் தனித்தனியாகப் போகட்டும். புகார் முதலில் போகட்டும்.

சம்பளத்தைத் திருப்பி வாங்குவது இங்கே சின்னக் குற்றம் இல்லை. ஒருவருக்கு வேலை கொடுப்பதற்கோ வேலையில் வைத்திருப்பதற்கோ அவரிடம் பணம் வாங்கினால், வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டத்தின்படி 30,000 வெள்ளி வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. அமைச்சுக்குச் சொன்ன சம்பளம் ஒன்று, கையில் கொடுப்பது வேறு என்றால், பொய்யான தகவல் கொடுத்த குற்றமும் சேரும். பணம் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். நிறுவனத்துக்கே போகிறதென்றால் மனிதவள அமைச்சுதான் இடம். மேற்பார்வையாளர் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, கொடுக்காதவனுக்கு பெர்மிட் புதுப்பிக்கமாட்டேன் என்கிறார் என்றால், அது லஞ்சமாகவும் ஆகலாம். இங்கே ஊழல் தடுப்புச் சட்டம் தனியார் நிறுவனத்துக்கும் பொருந்தும். லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவை 1800-376-0000 என்ற எண்ணில் அழைக்கலாம். தகவல் கொடுத்தவரின் அடையாளத்தை நீதிமன்றத்திலும் மறைத்து வைக்க அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

ஊழியர்கள் தங்கள் பணத்தைக் கேட்பது தனி வழி. அதற்கு அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்த முத்தரப்பு அமைப்பான டாடம்மில் சமரசத்துக்குப் பதிய வேண்டும். தீராவிட்டால் வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகும். அங்கே பொதுவாக 20,000 வெள்ளி வரை கோரலாம், தொழிற்சங்கத்தின் உதவியோடு போனால் 30,000 வரை. வேலையில் இருக்கும்போது ஓராண்டுக்குள், வேலையை விட்டபின் 6 மாதத்துக்குள் பதிய வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டு நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசு ரொம்பக் கஷ்டப்படும். முழு நியாயமும் அவர்கள் பக்கம் இருக்கும், நாள் மட்டும் கடந்திருக்கும். உங்கள் ஊழியர்களுக்கு இந்தக் கெடுவைப் பற்றி இன்றைக்கே யாராவது சொல்லியாக வேண்டும். கதை எப்போது வெளிவருகிறது என்பதைவிட எனக்கு அது அவசரமாகத் தெரிகிறது. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692. டிடபிள்யூசி2, ஹோம் போன்ற வெளிநாட்டு ஊழியர் நலத் தொண்டு அமைப்புகளும் உதவும். தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. சம்பளக் கணக்கைப் போடுவது நீங்கள். திருப்பி வாங்கும் பணம் நீங்கள் வைத்திருக்கும் எந்த ஏட்டிலாவது வேறு பெயரில் பதிவாகிறதா? சாப்பாட்டுச் செலவு, முன்பணம் என்று எழுதச் சொல்கிறார்களா? தெரிந்தே ஏமாற்றும் நோக்கத்தோடு கணக்கைத் திருத்தினால் குற்றவியல் சட்டத்தின் 477ஏ பிரிவு, 10 ஆண்டு வரை சிறை. மேலே இருப்பவர் சொன்னார் என்பது அதிகம் எடுபடாது. நீங்கள் அப்படிச் செய்திருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நடந்ததைத் தெரிந்துகொண்டே அடுத்த மாதமும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் அதைப் பற்றி ஒரு கதையையும் வெளியிட்டால், உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதற்கு அந்தக் கதையே சாட்சியாகிவிடும். ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

ஆதாரம் சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். மொத்தச் சம்பளப் பட்டியலையும் பென்டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். உங்கள் வேலைக்குத் தேவையில்லாத கோப்பைத் திறந்தால் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் வரும். நிறுவனம் வைத்திருக்கும் தனிநபர் விவரங்களை அனுமதி இல்லாமல் வெளியே விட்டால், 2021-இலிருந்து தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் விட்டவரையே தண்டிக்க இடம் இருக்கிறது. நீங்கள் கண்ணால் பார்த்ததை, பார்த்த அன்றே, தேதி, இடம், யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று உங்கள் சொந்த நோட்டில் எழுதி வையுங்கள். ஊழியர்கள் தங்கள் வங்கி விவரத்தைத் தாங்களே எடுத்துக் கொடுக்கலாம், அது அவர்களுடையது. சம்பளம் விழுந்த மறுநாளே ஒவ்வொருவர் கணக்கிலிருந்தும் ஒரே தொகை எடுக்கப்பட்டிருந்தால், விசாரிக்கிறவருக்கு அதுவே நிறையச் சொல்லும்.

நிறுவன ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே என்று பயப்படுகிறீர்கள். 1856-இல் இங்கிலாந்தில் கம்பளித் தரகர்கள் சிலர், வேலையை விட்டுப் போன தங்கள் எழுத்தர் தொழில் விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்று வழக்குப் போட்டார்கள். அவர்கள் வாடிக்கையாளர்களை ஏமாற்றினார்கள் என்றார் எழுத்தர். அநியாயத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் கடமை யாருக்கும் இல்லை என்றார் நீதிபதி. கார்ட்சைட் எதிர் அவுட்ரம் என்ற அந்தத் தீர்ப்பை இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். உங்களைப் போலவே அலுவலக வேலை பார்த்த ஒருவரால் வந்த தீர்ப்பு. ஆனால் பிறகு வந்த தீர்ப்புகளில் இன்னொரு விஷயமும் பார்க்கப்படுகிறது, யாரிடம் சொன்னீர்கள் என்பது. விசாரிக்க அதிகாரம் உள்ளவரிடம் சொல்வதும் உலகத்துக்கே படம் போட்டுக் காட்டுவதும் ஒன்றாகக் கருதப்படாது.

பாதுகாப்பைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். தகவல் வெளியிடுகிறவர் எல்லாரையும் காக்கும் ஒரே பொதுச் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் புகார் கொடுப்பவரின் அடையாளத்தைக் காக்கும் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2022-இல் வந்தது. வேலையிடப் பாதுகாப்பைப் பற்றிப் புகார் கொடுத்ததற்காக ஊழியரை நீக்குவதை வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தடுக்கிறது. தன் உரிமையைக் கேட்டதற்காக ஒருவரை நீக்கினால் அது நியாயமற்ற பணிநீக்கம் என்று முத்தரப்பு வழிகாட்டி சொல்கிறது. ஆனால் அதற்கான புகாரைக் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். உங்கள் நிறுவனம் சின்னது, பட்டியலிடாதது. வேலை போகலாம் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டே முடிவெடுங்கள்.

சரி, கதைக்கு வருவோம்.

பெயரை மாற்றினால் போதுமா? போதாது. 1930-களில் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனம், ரஷ்ய மன்னர் குடும்பத்தில் செல்வாக்கோடு இருந்த ரஸ்புடின் என்ற சாமியாரைப் பற்றி ஒரு படம் எடுத்தது. அதில் வரும் ஓர் இளவரசி தன்னைத்தான் குறிக்கிறாள் என்று ரஷ்ய இளவரசி இரீனா யூசுப்போவ் லண்டனில் வழக்குப் போட்டார். பாத்திரத்தின் பெயர் வேறு. இருந்தும் 1934-இல் 25,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. 'இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே' என்று படங்களில் அறிவிப்பு போடும் வழக்கம் அந்த வழக்குக்குப் பிறகுதான் பரவியது. அதற்கும் முன்னால் 1910-இல் இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கு. பத்திரிகை ஒன்று கற்பனையாக ஆர்ட்டிமஸ் ஜோன்ஸ் என்று ஒருவரைப் பற்றி எழுத, அதே பெயரில் நிஜமாகவே இருந்த வழக்கறிஞர் வழக்குப் போட்டு 1,750 பவுண்டு வாங்கினார். எழுதியவர் யாரை நினைத்தார் என்பதை நீதிமன்றம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படித்தவர்கள் யாரை நினைத்தார்கள் என்று கேட்டது. நம் அவதூறுச் சட்டமும் அந்த வழியில் வந்ததுதான். உங்கள் கதையில் லாரியின் நிறமும், சின்னத்தில் வரும் பறவையும், வேலைத்தளத்துக்கு எதிரே இருக்கும் கோப்பிக் கடையும் அப்படியே நிஜம். கடைசிப் பக்கத்தில் போடும் அறிவிப்பு உங்களைக் காப்பாற்றாது.

உண்மையைச் சொன்னால் குற்றமில்லையே என்பீர்கள். உண்மை நல்ல எதிர்வாதம்தான், ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் சொன்னவர் தலையில். தேசியச் சிறுநீரக அறநிறுவன விவகாரத்தை நீங்கள் சின்ன வயதில் கேட்டிருக்கலாம். அதன் தலைமை நிர்வாகி டி.டி. துரை விமானத்தில் முதல் வகுப்பில் போகிறார் என்று 1990-களில் பேசிய இருவர் மேல் வழக்கு வந்தது. இருவரும் மன்னிப்புக் கேட்டு இழப்பீடு கொடுத்தார்கள். அங்கே போனஸ் அதிகம் என்று 1999-இல் தெரிந்தவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிய ஒரு பெண் 50,000 வெள்ளி கொடுக்க வேண்டியிருந்தது. 2004-இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழ், துரையின் அலுவலகக் குளியலறைக்கான தங்க முலாம் பூசிய குழாயைப் பற்றி எழுதியபோதும் வழக்கு. 2005 ஜூலையில் விசாரணை தொடங்கிக் குறுக்கு விசாரணை நடந்த பிறகுதான் ஆண்டுக்கு 600,000 வெள்ளிச் சம்பளமும் முதல் வகுப்புப் பயணமும் வெளியே வந்தன. இரண்டாம் நாளே துரை வழக்கைக் கைவிட்டார். அந்த வாரத்திலேயே நிர்வாகக் குழு விலகியது. முதலில் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கையில் தாள் இல்லை, பத்திரிகைக்குப் பின்னால் வழக்கறிஞர்களும் நீதிமன்றத்தில் ஆவணங்களைக் கேட்டு வாங்கும் வழியும் இருந்தது. அந்த மின்னஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் நண்பர்கள் குழுவுக்கு மட்டும் அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் வெளியீடுதான்.

வயர்கார்ட் என்ற ஜெர்மன் மின்கட்டண நிறுவனத்தின் விவகாரத்திலும் இதே வரிசையைப் பார்க்கலாம். அதன் சிங்கப்பூர் அலுவலகத்தில் சட்ட ஆலோசகராக இருந்த பாவ் கில் 2018-இல் கணக்கு மோசடியை முதலில் நிறுவனத்துக்குள்ளேதான் எழுப்பினார். அந்த ஆண்டே வேலையை விட வேண்டிவந்தது. ஆவணங்கள் பத்திரிகையாளர்களுக்குப் போயின, 2019 தொடக்கத்தில் செய்தி வந்தது, சிங்கப்பூர்க் காவல்துறை அலுவலகத்தைச் சோதனை போட்டது, 2020 ஜூனில் 190 கோடி யூரோவைக் காணவில்லை என்று ஆனது. நான்தான் சொன்னேன் என்று அவர் வெளிப்படையாகப் பேசியது 2021-இல். முதலில் ஆவணம், பிறகு விசாரணை, கடைசியில்தான் தன் பெயர்.

கதையை வரையவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரைய வேண்டும். சம்பளப் புகார்ப் படிவத்தில் தொகைக்குக் கட்டம் இருக்கிறது, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லாரியில் விடுதிக்குப் போகும் அந்த மௌனத்துக்குக் கட்டம் இல்லை. அதை உங்களால் காட்ட முடிகிறது, உங்கள் பக்கங்களில் பார்த்தேன். ஆனால் புகாரின் வேலையையும் கதையே செய்ய வேண்டும் என்று நினைப்பதால்தான் லாரியின் நிறத்தையும் சின்னத்தையும் விட முடியாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். புகாரை உரிய இடத்தில் கொடுத்துவிட்டால் அந்த அடையாளங்கள் கதைக்குத் தேவைப்படாது. கட்டுமானத்தைக் கப்பல் பட்டறையாகவோ துப்புரவு நிறுவனமாகவோ மாற்றலாம். பல நிறுவனங்களில் பல காலமாக நடப்பதால், பலரிடம் கேட்டதைச் சேர்த்து ஒரு பாத்திரமாக்கலாம். இரண்டு விரல் இல்லாதவரிடம் கேட்காமல் அவருடைய கையை வரைய வேண்டாம். என்னைக் கேட்டால், மேற்பார்வையாளரை மையமாக வைப்பதைவிட, பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் அலுவலக இளைஞனை மையமாக வைப்பேன். உங்கள் கதையில் அவன் இரண்டே கட்டங்களில் வந்து போகிறான்.

கதை யாருக்குச் சொந்தம் என்பது நீங்கள் பயப்படும் அளவுக்குச் சிக்கல் இல்லை. 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்குவதுதான் முதலாளிக்குப் போகும். கணக்குப் பார்ப்பவர் வீட்டில் வரையும் சித்திரக்கதை அந்த வேலையின் பகுதி இல்லை. பதிவு எதுவும் வேண்டாம், வரைந்த உடனே உரிமை உங்களுடையது. உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கேட்கும் உரிமையும் அதே சட்டத்தில் வந்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் சட்டத்தைவிட அதிகமாகக் கேட்கலாம். அந்த வரியில் 'பணியின்போது' என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பதில் நிறைய அடங்கியிருக்கிறது. அலுவலக மடிக்கணினியில் ஒரு கோடுகூட வரைய வேண்டாம், அலுவலக மின்னஞ்சலில் பக்கங்களை அனுப்ப வேண்டாம். கதையைக் காசுக்கு விற்கப் போகிறீர்கள் என்றால், வெளிவேலைக்கு அனுமதி கேட்கும் விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தேசியக் கலைகள் மன்றத்தின் தங்கமுனை விருது என்ற இலக்கியப் போட்டிக்குச் சிறுகதையாக எழுதி அனுப்பும் எண்ணம் இருக்கிறது என்றீர்கள். அப்படியென்றால் இணையத்தில் எதையும் போடாதீர்கள். இதுவரை வெளிவராத படைப்பைத்தான் கேட்பார்கள். நாடகமாக்கி மேடையேற்றினால் உரிமம் வேண்டும், குறும்படமாக்கிப் பொது இடத்தில் திரையிட்டால் வகைப்படுத்தல் வேண்டும், இரண்டுக்கும் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தைத்தான் அணுக வேண்டும்.

வழக்கறிஞருக்குச் செலவு செய்ய முடியாது என்று எழுதியிருந்தீர்கள். புரோ போனோ எஸ்ஜி அமைப்பின் இலவசச் சட்ட ஆலோசனைக்கு முன்பதிவு செய்யுங்கள். நேரம் குறைவாகத்தான் கொடுப்பார்கள், அதனால் ஒப்பந்தத்தின் அந்தப் பக்கம், உங்கள் தேதிக் குறிப்புகள், கணக்கில் உங்களை என்ன பெயரில் எழுதச் சொன்னார்கள் என்பது, இந்த மூன்றையும் கையில் கொண்டுபோங்கள். கணக்கைப் பற்றி முதலில் கேளுங்கள், கதையைப் பற்றி அப்புறம். அந்த ஊழியர்களில் யாராவது பேசத் தயார் என்றால் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு அழைத்து வாருங்கள், டாடம் பதிவுக்கு நான் கூட உட்காருகிறேன்.